வளர்ந்த வேட்டை நாயை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை என்று நம் தென்மாவட்டத்து வேட்டை நாய்களில் வளர்ந்தவற்றுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைச் செய்துவருகிறேன். கொண்டுபோகிறவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அதிலும் பாதிக்கு மேல் கோழியைப் பற்றியது. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

குட்டியா வாங்குனாத்தானே நம்ம பேச்சு கேட்கும்? ரெண்டு மூணு வயசு நாய் நம்மகிட்ட ஒட்டுமா?

ஒட்டும். இந்த நாய்கள் வீட்டில் ஒருவரிடம் மட்டும் நெருக்கமாக இருப்பவை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒருவர் மாறினால் நாய் அதோடு முடிந்துபோவதில்லை. சோறு போடுகிறவர், நேரத்துக்கு வெளியே கூட்டிப்போகிறவர், அதட்டாதவர் யாரென்று சில வாரங்களில் கண்டுகொள்ளும். அப்புறம் அவர் பின்னாலேயே சுற்றும்.

வளர்ந்த நாயில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எவ்வளவு உயரம், எப்படிப்பட்ட குணம், குழந்தையைக் கண்டால் என்ன செய்கிறது, கோழியைக் கண்டால் என்ன செய்கிறது என்பதையெல்லாம் முதல் நாளே பார்த்துவிடலாம். குட்டியில் இது எதுவும் தெரியாது. குட்டியைப் பழக்கப் பொறுமை வேண்டும், வளர்ந்த நாய்க்குக் கூடுதலாகக் கொஞ்சம் விசாரிக்கவும் வேண்டும்.

நல்ல நாயா இருந்தா ஏன் கொடுக்கிறாங்க? ஏதோ குறை இருக்கத்தானே செய்யும்?

பெரும்பாலும் குறை வளர்த்தவரின் சூழ்நிலையில்தான் இருக்கும். தோட்டத்தை விற்றிருப்பார், ஊர் மாறியிருப்பார், வீட்டுப் பெரியவர் இறந்திருப்பார். முயல் வேட்டைக்கென்று வைத்திருந்தவர்கள் வனத்துறைக்குப் பயந்து அதை விட்டிருப்பார்கள். இரண்டு மூன்று ஈத்து எடுத்த பொட்டையை "இனி வேண்டாம்" என்று கழிப்பவர்களும் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்ன பிறகு நகரத்தில் இவற்றின் மேல் ஆசை கூடியது. ஓடுவதற்கென்றே பிறந்த நாயை அடுக்குமாடி பால்கனியில் வைத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் கொடுக்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள்.

மனிதரைக் கடித்ததால் கொடுப்பதும் நடக்கிறது. அதை மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள். எப்போது, யாரை, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று கேளுங்கள். தின்றுகொண்டிருக்கும்போது தட்டில் கைவைத்தவரைக் கடித்ததும், சும்மா நின்ற குழந்தையைக் கடித்ததும் ஒன்றல்ல.

போய்ப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்கணும்?

முதலில் நாய் இருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே கோழி மேய்கிறதா, நாய் கட்டிக் கிடக்கிறதா அவிழ்ந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். அவிழ்ந்து படுத்திருக்கும் நாயின் முன்னால் கோழி பாட்டுக்கு மேய்ந்தால் உங்கள் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. "கோழியை ஒண்ணும் பண்ணாதுங்க" என்று வாயால் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வேட்டைக்குப் போனதா, எதைப் பிடித்திருக்கிறது, தனியாகவா கூட்டத்தோடா என்று கேளுங்கள். பிடித்ததைக் கொண்டுவந்து கொடுக்குமா, அங்கேயே கிழிக்குமா என்பதும் தெரிய வேண்டும். கொண்டுவந்து கொடுக்கிற நாய்க்கு "விடு" என்ற சொல்லைச் சீக்கிரம் பழக்கிவிடலாம். முக்கியமாக, ஏவுவதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "சூ", "பிடி", ஒரு சீழ்க்கை, எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சத்தம் உங்கள் வீட்டில் இனி கேட்கவே கூடாது. தெருப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் "சூ" என்றாலும் நாய் பாய்ந்துவிடும்.

ராஜபாளையம் என்றால் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாகப் பிறக்கும் இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. நாய் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காலால் தரையைத் தட்டினால் அதிர்வில் திரும்பிவிடும், அது சோதனையாகாது. செவிட்டு நாயையும் கைச்சாடையில் வளர்க்க முடியும், ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும்.

கொண்டுவந்து மூணு நாள் ஆச்சு. சாப்பிடல, மூலையிலேயே கிடக்கு. திருப்பிக் கொடுத்திரலாமா?

கொடுக்க வேண்டாம். மூன்று நாளில் பயம் தெளியும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று நம்பும் என்று நாய் பழக்குபவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நாய்க்கு நாய் மாறும், ஆனாலும் அந்த வரிசை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. தண்ணீர் குடித்தால் போதும், இரண்டு மூன்று நாள் பட்டினியைத் தாங்கும். தண்ணீரும் குடிக்காமல், வாந்தியோ கழிச்சலோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முதல் வாரம் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு நாயைக் காட்டாதீர்கள். குளிப்பாட்டுவதையும் தள்ளிப்போடுங்கள். ஒரு மூலை, ஒரு சாக்கு, ஒரே ஆள் சோறு வைப்பது, அவ்வளவுதான். இந்த நாட்களில் கோழிப் பக்கம் கூட்டியே போகாதீர்கள். பயத்தில் இருக்கும் நாய் எதையும் கற்றுக்கொள்ளாது.

அவிழ்த்துவிட்டா ஓடிருமா?

முதல் மாதத்தில் ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டைத் தேடிப் போகும், அல்லது எதையாவது துரத்திப் போய் வழி தெரியாமல் நிற்கும். நான்கடிச் சுவரைக் கன்னியும் சிப்பிப்பாறையும் நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். ஆறடி வேலி வேண்டும். வேலிக்குப் பக்கத்தில் ஏறி நிற்க விறகுக்கட்டோ தொட்டியோ இருக்கக் கூடாது.

இவற்றின் தலை குறுகல், கழுத்து அதைவிட ஒன்றும் சிறியதல்ல. சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்வாங்கி ஓர் இழுப்பில் கழற்றிவிடும். அகலமான, இழுத்தால் சற்று இறுகும் வகைப் பட்டை வாங்குங்கள். மார்புப்பட்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது. முப்பது அடி நீளத்துக்கு ஒரு கயிறு, பட்டையில் போன் நம்பர், முடிந்தால் தோலுக்கடியில் மைக்ரோசிப் மூன்றும் முதல் வாரத்திலேயே தயாராக இருக்கட்டும். சென்னை போன்ற மாநகராட்சிகளில் நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும், அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா என்ன சொல்லணும்?

தடுப்பூசி அட்டை இல்லையென்றால் ஒன்றுமே போடவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். வெறிநாய்க்கடி ஊசி, மற்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் தேவைப்படும். வேட்டைக்குப் போன நாய் நரி, கீரி, தெருநாய் என்று எதோடும் மோதியிருக்கலாம். அதனால் வெறிநாய்க்கடி ஊசியில் தாமதம் கூடாது. வருடா வருடம் தொடர வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காடு மேட்டில் திரிந்த நாய்களிடம் இது மிக அதிகம். சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், மூட்டு வலி என்று மெதுவாகக் காட்டும். "புது இடம், அதான் சோர்வா இருக்கு" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால் நோய் முற்றிவிடும். ஈத்து எடுத்த பொட்டையாக இருந்தால் கருத்தடை அறுவையைப் பற்றிப் பேசுங்கள். வயதான பொட்டைகளுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உயிருக்கே ஆபத்து. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அதிகமாகத் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே காட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன், இது கொழுப்பில்லாத ஓட்ட நாய் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். கிரேஹவுண்ட் போன்ற இந்த உடல்வாகுள்ள நாய்கள் சில பழைய மயக்க மருந்துகளிலிருந்து மெதுவாகத்தான் தெளியும்.

எலும்பு தெரியுது, பார்க்கிறவங்க திட்டுறாங்க. எவ்வளவு போட்டாலும் சதை பிடிக்கல.

கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதுதான் சரியான உடம்பு. இடுப்பெலும்பு துருத்தி, முதுகுத்தண்டு முள் முள்ளாகத் தெரிந்தால்தான் மெலிவு. கம்பங்கூழ், மோர்சோறு மட்டும் போட்டு வளர்த்திருப்பார்கள். அதை ஒரேயடியாக நிறுத்தாமல், வேகவைத்த இறைச்சி, முட்டை, மீன் என்று ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். வேகவைத்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும், வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது.

வயிறு நிறையத் தின்றவுடன் ஓட விடாதீர்கள். மார்பு ஆழமான நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. ஓட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பேர் மாத்தலாமா?

தாராளமாக. புதுப் பெயரைச் சொல்லி ஒரு துண்டு முட்டை கொடுங்கள், ஒரு வாரத்தில் திரும்பும். பழைய பெயரைச் சொல்லித்தான் அடித்தார்கள் என்று தெரிந்தால் கட்டாயம் மாற்றுங்கள்.

வேட்டைக்குப் போன நாய் கோழியோட இருக்கவே இருக்காதுன்னு சொல்றாங்களே?

வேட்டை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது நாயின் உடம்பில் ஒரு தொடர். காண்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கிப் போவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்த இனத்தில் எந்தக் கட்டம் ஓங்கியிருக்கிறது என்பது மாறும். கன்னி, சிப்பிப்பாறையில் ஓங்கியிருப்பது துரத்துவது. அதுவும் கண்ணால் பார்த்து. மோப்பம் பிடித்துத் தேடிப் போகும் நாயைவிட இவை கண்ணெதிரே ஏதாவது சட்டென்று அசைந்தால் பாய்பவை. கோம்பையும் ராஜபாளையமும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தவை. அவை எதிர்த்து நிற்பதில் வலியவை.

இது தெரிந்தால் கோழிப் பிரச்சினை புரியும். அமைதியாக மேயும் கோழியை நாய் பார்த்துக்கொண்டே படுத்திருக்கும். அதே கோழி சிறகடித்து ஓடினால் துரத்தும். துரத்திக் கவ்வினால் நாட்டுக்கோழியின் கழுத்து தாங்காது. ஆகவே நாம் பழக்க வேண்டியது தொடரின் ஆரம்பத்தில், உற்றுப் பார்க்கும் கட்டத்தில். ஓட ஆரம்பித்த நாயைக் கத்தி நிறுத்த முடியாது. துரத்தும் ஆசையை அழிக்கவும் முடியாது. அதற்கு வேறு இடம் காட்டலாம், கோழியைப் பார்த்ததும் நம்மைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்கலாம். நான் பார்த்தவரை, பொறுமையாகச் செய்கிற வீடுகளில் பெரும்பாலான நாய்கள் இதற்குப் பழகிவிடுகின்றன.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கோழி இல்லாத இடத்தில். இரண்டே சொற்கள் போதும், "வா", "விடு". "வா"வுக்கு விசில் வைத்துக்கொள்வது நல்லது. வயலில் தூரமாகக் கேட்கும், நம் கோபம் அதில் ஏறாது, பழைய வீட்டு நினைவும் அதில் இருக்காது. விசில் ஊதியதும் வாயில் ஈரல் துண்டு. வீட்டுக்குள், முற்றத்தில், அப்புறம் நீளக் கயிற்றோடு வெளியில் என்று இடத்தை மாற்றிக்கொண்டே போங்கள். வந்த நாயை ஒருநாளும் அடிக்காதீர்கள், எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் சரி.

"விடு"வுக்கு, கைக்குள் தீனியை மூடி வையுங்கள். நக்கும், பிறாண்டும். சலித்து முகத்தை விலக்கும் நொடியில் "விடு" என்று சொல்லி மற்றக் கையிலிருந்து வேறு தீனி கொடுங்கள். கை பழகியதும் தரையில் வைத்த தீனி, பிறகு உருட்டிய பந்து, கடைசியில் கயிற்றில் கட்டி இழுக்கும் துணி. ஓடும் துணியை விட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிற நாய்தான் கோழிக்கு முன் நிற்கத் தயாரானது. இதற்கு ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

ஈரலைக் கொடுத்துப் பழக்குனா கோழி மேல ஆசை வந்திராதா?

வராது. வெந்த ஈரலும் சிறகடிக்கும் கோழியும் நாய்க்கு வெவ்வேறு சமாச்சாரம். ஒன்று பசி, இன்னொன்று துரத்தல். வயிறு நிறைந்த நாயும் கோழியைத் துரத்துகிறது. ஆனால் செத்த கோழியைத் தூக்கிப் போடுவது, அறுத்த கோழியின் தலையையும் குடலையும் அங்கேயே கொடுப்பது வேறு. இறகும் சூட்டோடு ரத்தமுமாகக் கவ்வப் பழக்குவது அது. வெள்ளைக்கழிச்சலில் செத்த கோழியைக் குழி தோண்டிப் புதையுங்கள், நாயிடம் கொடுக்காதீர்கள்.

கோழியை எப்படிக் காட்டணும்?

ஒரு பெரிய, நிதானமான பெட்டைக்கோழியைப் பஞ்சாரத்தில், அதாவது கோழியை மூடிவைக்கும் கூடையில், கவிழ்த்து வையுங்கள். நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். குஞ்சுத்தாய்க் கோழி வேண்டாம், சண்டைச் சேவலும் வேண்டாம். நாயைக் கயிற்றோடு, அது கோழியைப் பார்த்தும் தீனி வாங்கித் தின்கிற தூரத்தில் நிறுத்துங்கள். ஐம்பதடியும் ஆகலாம், நூறடியும் ஆகலாம். நாய் கோழியைப் பார்க்கும், பேசாமல் இருங்கள். தானாக உங்கள் பக்கம் திரும்பும் நொடியில் தீனி. நாளைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். நாய் சும்மா படுத்து வேறெங்கோ பார்க்க ஆரம்பித்தால், மறுநாள் நான்கைந்து அடி முன்னால்.

பஞ்சாரத்துக்குப் பக்கத்திலேயே நிதானமாகப் படுக்கும் நிலை வந்ததும் கோழியை வலைக்குள் நடமாட விடுங்கள். அசைவு வந்தால் பாடம் புதிது, ஆகவே தூரத்தை மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள். யாரையாவது தானியம் வீசச் சொல்லுங்கள். கோழிகள் ஓடிவந்து கொத்தும், சிறகடிக்கும், அதையும் பார்க்கட்டும். அதற்குப் பிறகுதான் வலை இல்லாமல். அப்போது நாய்க்குக் கூடை போன்ற வாய்ப்பூட்டும் கயிறும் இருக்க வேண்டும். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற பூட்டாக இருக்க வேண்டும், வாயை இறுக்கிக் கட்டுகிற துணிப்பூட்டு ஆகாது. சில வாரம் தவறில்லாமல் போனால் கயிற்றைக் கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபட விடலாம்.

கோழியும் உயிர்தான். பஞ்சாரத்துக்குள் அது முட்டி மோதிக் கதறினால் நாய் மிகக் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

கோழியைப் பார்த்தா ஈரலைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேங்குது.

தூரம் பத்தவில்லை. காது விறைத்து, உடம்பு கட்டையாகி, வால் அசையாமல், முன்னங்கால் ஒன்று தூக்கியபடி நின்றால் நாய் தொடருக்குள் போய்விட்டது. அப்போது பேசுவதும் இழுப்பதும் பயனில்லை. கயிற்றோடு வளைந்து திரும்பி, தீனி தின்கிற தூரம் வரும்வரை நடந்துபோங்கள். அந்த இடம்தான் அன்றைய ஆரம்பம். வளவுக்குள் அவ்வளவு தூரம் இல்லையென்றால் தெரிந்தவர் தோட்டத்தில் வைத்துச் செய்யுங்கள்.

செத்த கோழியை கழுத்துல கட்டித் தொங்கவிட்டா அப்புறம் தொடாதுன்னு எங்க தாத்தா சொல்வாரு.

நிறைய ஊர்களில் சொல்வார்கள். நாய்க்குக் கிடைப்பது கழுத்தில் புண், ஈ, நாற்றம். காலையில் பிடித்த கோழிக்கும் சாயங்காலம் கழுத்தில் தொங்குவதற்கும் அதனால் முடிச்சுப் போட முடியாது. மிளகாய்ப்பொடி தூவுவதும், கோழியைக் காட்டிக் காட்டி அடிப்பதும், மின்சாரப் பட்டை மாட்டி அதிர்ச்சி கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். அடிக்கிற ஆள் இருக்கும்வரை நாய் கோழியைத் தொடாது, ஆள் நகர்ந்ததும் பிடிக்கும். கோழியைக் கண்டாலே வலி வரும் என்று கற்ற நாய் அதன் மேல் வெறுப்பாகவும் மாறலாம். அடி வாங்கிய வேட்டை நாய்களை நிறையக் கையாண்டிருக்கிறேன். அவை கூப்பிட்டால் கிட்ட வருவதே பெரும்பாடு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பகல் முழுக்கக் கட்டியே வச்சா பிரச்சினை இல்லைல?

கட்டிப் போட்ட நாயின் முன்னால் நாள் முழுக்கக் கோழி மேய்ந்தால் ஆசை ஏறிக்கொண்டே போகும். சங்கிலி அறுகிற அன்று நாலைந்து கோழி போகும். நியாயமில்லாத நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கோழி கண்ணில் படாத ஓர் அடைப்பு, நாய் நடமாடும் அளவுக்கு, அமைத்துக்கொடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அங்கே விடலாம்.

நம்ம கோழியைத் தொடாது, பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடிச்சிருச்சு.

நாய் "கோழியைத் தொடக் கூடாது" என்று பொதுவாகக் கற்பதில்லை. இந்த வளவில், இந்தக் கோழிகளை, இவர் பக்கத்தில் இருக்கும்போது என்று சேர்த்துத்தான் கற்கிறது. புது இடம், புதுக் கோழி, குஞ்சு, வாத்து, வான்கோழி எல்லாவற்றுக்கும் பஞ்சாரப் பாடத்தை முதலிலிருந்து சுருக்கமாகச் செய்ய வேண்டும். கீச்சிட்டு ஓடும் குஞ்சுகளை நான் எந்த வேட்டை நாயிடமும் நம்பி விடுவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றைக்கே போய், கேட்கும் விலையைக் கொடுத்துவிடுங்கள். இதில் பேரம் பேசினால் நாய்க்குத்தான் ஆபத்து. கிராமத்தில் கோழி பிடிக்கிற நாய் என்று பெயர் எடுத்தால் யாராவது சோற்றில் விஷம் வைத்துவிடுவார்கள்.

ஒரு தடவை ரத்த ருசி கண்ட நாய் திருந்தாதாமே?

ரத்த ருசி என்று தனியாக ஒன்றில்லை. துரத்திப் பிடித்ததில் கிடைத்த சந்தோஷம்தான் மறுபடி இழுக்கிறது, அடுத்த தடவை வேகமாகப் பாயும். ஆகவே கோழி செத்த அன்றைக்கு, வாயில் இருந்தால் தீனி கொடுத்து மாற்றி வாங்குங்கள், நாயை உள்ளே விடுங்கள், சத்தம் போடாதீர்கள். மறுநாளிலிருந்து வலை வேலியும் கயிறும் கட்டாயம். பாடத்தைப் பழைய தூரத்திலிருந்து தொடங்குங்கள். எப்படி நடந்தது என்றும் பாருங்கள். பெரும்பாலும் கதவு திறந்து கிடந்திருக்கும், அல்லது பழகிவிட்டது என்று வாய்ப்பூட்டைச் சீக்கிரம் கழற்றியிருப்பார்கள்.

அப்ப அதோட ஓட்டத்துக்கு என்ன வழி? பாவமா இருக்கே.

மூங்கில் கம்பு ஒன்றின் நுனியில் கயிறு, கயிற்று நுனியில் பழைய துணி. வேலி போட்ட இடத்தில் கம்பைச் சுற்றி வீசினால் துணி தரையோடு ஓடும். நாய் துரத்தும். நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை பிடிக்க விடுங்கள், பிடிக்கவே முடியாவிட்டால் வெறுத்துப்போகும். பிடித்ததும் "விடு", தீனி. பத்து நிமிடத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்துவிடும். இதற்கென்று ஓர் இடம், ஒரு சொல், ஒரு நேரம் வைத்துக்கொண்டால் இங்கே துரத்தலாம், மற்ற இடத்தில் இல்லை என்று பிரித்துக்கொள்ளும். கோழி மேயும் இடத்தில் மட்டும் இதை விளையாட வேண்டாம்.

கோடையில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் வைத்து உங்களால் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

மக்காச்சோளத்துல மயில் இறங்குது. நாயை விட்டு விரட்டிக்கலாமா?

கூடாது. மயில் 1963-இலிருந்து தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கொல்வது, பிடிப்பது, காயப்படுத்துவது மட்டுமல்ல, அதற்கு முயல்வதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். முதல் அட்டவணை உயிர் என்பதால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "நாய் தானா பிடிச்சது" என்று சொல்லலாம், ஆனால் ஏவிவிட்டீர்கள் என்று ஒருவர் சாட்சி சொன்னால் போதும். விவசாயிக்கு மயிலால் வரும் நஷ்டம் எனக்குத் தெரியும், அந்த வலி நியாயமானது. மினுமினுக்கும் நாடா, வலை, வனத்துறையிடம் எழுத்தில் புகார் என்று போங்கள்.

மயில் தரையில், புதருக்குள் முட்டையிடும். மழைக்காலத்தில் வரப்போரம் போகும்போது நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சாரப் பாடத்தை மயிலுக்கும் செய்யலாம், தூரத்தில் மேயும் மயிலைப் பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்க. நாட்டுக்கோழியைவிட மயில் பெரிது, தோகை அசைவு அதிகம், தூரமும் அதிகமாகத் தேவைப்படும்.

வெளிநாட்டுல பறவை பிடிக்க நாயைப் பழக்குறாங்களே? நாமும் கௌதாரி, காடைக்குப் பழக்குனா என்ன?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாயிண்டர், ரிட்ரீவர் வகை நாய்களை அதற்கென்றே வளர்க்கிறார்கள். பறவையை மோப்பத்தில் கண்டு அசையாமல் நின்று காட்டுவதற்கும், சுட்டு விழுந்ததைக் கசக்காமல் கொண்டுவருவதற்கும். அங்கே உரிமமும் பருவமும் உண்டு. இங்கே கௌதாரியும் காட்டுக் காடையும் முயலும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. திருவிழாவை ஒட்டி "ஒரே ஒரு தடவை" முயலுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

இன்னொரு விஷயம். ஒரே ஒரு தடவை போனாலும் நீங்கள் மாதக்கணக்கில் கொடுத்த பயிற்சி கரைந்துவிடும். கண்ணில் பட்டதைத் துரத்தலாம் என்று மறுபடி சொல்லிக்கொடுத்துவிட்டு, கோழியை மட்டும் விடு என்றால் அதற்குப் புரியாது.

சின்னப் பிள்ளைக ஓடி விளையாடுறாங்க. அவங்களைத் துரத்துமா?

துரத்தலாம். விளையாட்டாகத்தான் ஆரம்பிக்கும், ஆனால் இடித்துத் தள்ளிவிடும், சட்டையைக் கவ்வும். முதல் மூன்று மாதம் குழந்தைகள் ஓடும் நேரத்தில் நாய் கயிற்றிலோ அடைப்பிலோ இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் விடவே விடாதீர்கள். பல் பட்டால் எவ்வளவு சின்னக் கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நம் நாய், ஊசி போட்ட நாய் என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

அஞ்சாறு மாசமாச்சு. இன்னும் கோழியைக் கண்டா நடுங்குது. இது ஆகாதா?

சில நாய்களுக்கு ஆகாது. பல வருடம் பிடித்துக் கொன்று பழகிய நாய், அதிலும் கூட்டமாக வேட்டையாடியது, நிதானமாகவே ஆகாமல் போகலாம். அது உங்கள் தோல்வியும் அல்ல, நாயின் குற்றமும் அல்ல. கோழிக்குத் தனி வலைக்கூடு, நாய்க்குத் தனி அடைப்பு என்று நிரந்தரமாகப் பிரித்துவிட முடிந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மனிதரோடு அன்பாக இருக்கிற நாயை இதற்காக விரட்ட வேண்டியதில்லை.

பிரிக்க வழியில்லையென்றால் கோழி வளர்க்காத வீடு தேடுங்கள். யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். காட்டிலோ சாலையோரத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அடுத்தவரிடம் கொடுக்கும்போது எத்தனை கோழி போயிற்று, எந்தத் தூரம் வரை நிதானமாக இருக்கிறது, ஏவுகிற பழைய சொல் எது, எந்த விசிலுக்கு வரும், என்ன தின்னும், எதற்குப் பயப்படும் என்பதை ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள்.